சாம்பிள் பீஸ் இருக்குங்களா?

திருப்பூருக்கு வரும் வெளிநாட்டு பையர், பனியன் கம்பெனி முதலாளி எந்தக் கல்லூரியில் படித்தார் என்று கேட்பதில்லை. மேஜைமேல் இருக்கும் சாம்பிள் பீஸை எடுப்பார். காலரை இழுத்துப் பார்ப்பார். உள்பக்கமாகத் திருப்பித் தையலைத் தடவுவார். துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பார். சாம்பிள் தேறினால்தான் ஆர்டர். தேறாவிட்டால் டீ குடித்துவிட்டு அடுத்த கம்பெனிக்குக் கிளம்பிவிடுவார். 1970களின் இறுதியில் வெள்ளை டி-ஷர்ட் தேடி இத்தாலிக்காரர்கள் வந்த காலத்திலிருந்து அந்த ஊர் பழகிய பாடம் இது.

அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கோவையின் பொறியியல் கல்லூரி விடுதிகளில், வீடியோ கேம் எழுதும் வேலைக்குப் போக ஆசைப்படும் மாணவர்கள் பலருக்கு மட்டும் இந்தப் பாடம் இன்னும் எட்டவில்லை. அவர்கள் சேர்ப்பது சான்றிதழ். ஆன்லைன் கோர்ஸ் முடித்ததற்கு ஒன்று, இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒன்று, ஹேக்கத்தானில் கலந்துகொண்டதற்கு ஒன்று. பெங்களூரிலோ புணேயிலோ நேர்காணலில் உட்கார்ந்ததும், எதிரில் இருப்பவர் அந்தக் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, "நீங்கள் செய்து முடித்த கேம் ஏதாவது இருந்தால் காட்டுங்கள்" என்கிறார். சாம்பிள் பீஸ் இருக்குங்களா என்று நம்மூர் ஆள் கேட்பதும் இதைத்தான்.

வீட்டில் கேட்கும் கேள்வி வேறு. "ஏங் கண்ணு, நாலு வருசம் இஞ்சினீருக்குப் படிச்சுப்போட்டு கேம் ஆடறக்கா போற?" அம்மா கேட்பதில் தப்பில்லை. கேம் ஆடுவதும் கேம் எழுதுவதும் ஒன்று என்று மகனே பாதி நம்பிக்கொண்டிருக்கிறான். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேருகிறவருக்கு கிளட்ச் எந்தக் காலுக்குக் கீழே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. டிரைவருக்குத் தெரியாமல் தீராது.

அந்த டிரைவர் சீட்டில் என்னதான் இருக்கிறது? முதலில், அவசரம். பெரும்பாலான கேம்கள் திரையை நொடிக்கு 60 முறை புதிதாக வரைகின்றன. அப்படியென்றால் ஒரு காட்சிக்குக் கிடைப்பது 16 மில்லி நொடியும் கொஞ்சமும். அதற்குள் விரல் எங்கே தொட்டது என்று படித்து, எதிரியை நகர்த்தி, சுவரில் யார் மோதினார் என்று கணக்குப் போட்டு, ஒலியைச் சேர்த்து, எல்லாவற்றையும் வரைந்து முடித்தாக வேண்டும். வங்கிச் செயலி இரண்டு நொடி தாமதித்தால் திரையில் ஒரு சக்கரம் சுற்றும், நாமும் பொறுத்துக்கொள்வோம். கேம் அரை நொடி தாமதித்தால் "லேக் ஆகுதுடா" என்று ஆட்டக்காரர் அழித்துவிட்டுப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதில்லை.

1978இல் ஜப்பானில் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மேலிருந்து இறங்கும் வேற்றுக்கிரக வாசிகளைச் சுடச்சுட, மீதி இருப்பவர்கள் வேகம் எடுப்பார்கள். அதை எழுதிய தோமோஹிரோ நிஷிகாடோ அந்த வேகத்தைத் திட்டமிட்டு வைக்கவில்லை. அன்றைய சிப்புக்கு அத்தனை உருவங்களையும் வரைய மூச்சு வாங்கியது. ஆட்கள் குறையக் குறைய வேலை இலகுவாகி, மிச்சமிருந்தவர்கள் பாய்ந்தார்கள். ஆட்டத்துக்கு அது சூடு கூட்டியதால் அவர் அப்படியே விட்டுவிட்டார். குறை குணமான அபூர்வ சந்தர்ப்பம்.

இன்று அதே குறையோடு போனால் வேலை கிடைக்காது. கல்லூரி லேபின் கணினியில் சரியாக ஓடும் பந்து, அப்பாவின் பழைய போனில் ஆமையாகவும், நொடிக்கு 120 முறை வரையும் புதுப் போனில் ராக்கெட்டாகவும் மாறும். காரணம், ஒரு காட்சிக்கு இவ்வளவு தூரம் நகர்த்து என்று மாணவர் எழுதியிருப்பார். போன காட்சிக்கும் இந்தக் காட்சிக்கும் இடையே கழிந்த நேரத்தால் பெருக்கி நகர்த்து என்று எழுதியிருக்க வேண்டும். இதற்கு 'டெல்டா டைம்' என்று பெயர். புதியவர்களிடம் கேட்கப்படும் முதல் சில கேள்விகளில் இது தவறாமல் இருக்கும். 2018இல் அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 'ஃபால்அவுட் 76'ஐ வெளியிட்ட புதிதில், காட்சி வேகத்தைக் கூட்டிக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட வேகமாக ஓடினார்கள். பிறகு திருத்தினார்கள். பெரிய கம்பெனிக்கே சறுக்கிய இடம் என்பதால் புதியவர் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் வெக்டர் பாடம் இருக்கிறது. ஐந்து மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்து, கட்-ஆஃப் வந்ததும் மறந்த பாடம். காவல்காரன் ஒருவன் கோட்டை வாசலில் நிற்கிறான். ஆட்டக்காரர் பின்னால் பதுங்கி வருகிறார். அவன் பார்த்துவிட்டானா இல்லையா? காவல்காரன் பார்க்கும் திசை ஒரு வெக்டர். அவனிடமிருந்து ஆட்டக்காரர் இருக்கும் திசை இன்னொன்று. இரண்டின் நீளத்தையும் ஒன்றாக்கிக்கொண்டு திசையிலிப் பெருக்கம் செய்தால், விடை பூஜ்யத்துக்கு மேலே என்றால் ஆள் முன்னால், கீழே என்றால் பின்னால். 0.5க்கு மேல் என்றால் 60 பாகைக்குள், அதாவது கண்ணில் பட்டுவிட்டார். ஒரே ஒரு வரி. அந்தப் பாடத்தை நடத்தும்போது எந்த ஆசிரியராவது இந்தக் காவல்காரனைக் கரும்பலகையில் வரைந்திருந்தால், கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, சிக்கனம். துப்பாக்கியிலிருந்து நொடிக்குப் பத்து குண்டு பறக்கிறது. ஒவ்வொன்றையும் புதிதாக உருவாக்கி, பட்டதும் எறிந்தால், நினைவகத்தில் குப்பை சேரும். அதைப் பெருக்க கணினி வேலையை நிறுத்தும்போது ஆட்டம் ஒரு கணம் திக்கும். நம்மூர்க் கல்யாண வீட்டில் யாரும் அண்டாவையும் கரண்டியையும் விலைக்கு வாங்கி மறுநாள் தெருவில் போடுவதில்லை. வாடகைக்கு எடுத்து, கழுவி, அடுத்த பந்திக்கு அதையே இறக்குகிறார்கள். குண்டுகளுக்கும் அதே முறைதான்: நாற்பதை முதலிலேயே செய்து வைத்துக்கொண்டு, பட்டதை மறைத்து, மறுபடி துப்பாக்கி வாயில் வைப்பது.

கேம் செய்ய உதவும் எந்த எஞ்சினில் கற்பது என்று மாதக்கணக்கில் வாதிடுகிறவர்கள் உண்டு. யூனிட்டி என்றால் சி ஷார்ப், அன்ரியல் என்றால் சி பிளஸ் பிளஸ். அர்ஜென்டினாவில் பிறந்த கோடோ காசில்லாமல் கிடைப்பது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் என்று அறிவித்து உலகம் முழுக்கக் கெட்ட பெயர் வாங்கியது. ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது. அந்தக் களேபரத்தில் பலர் கோடோவுக்கு மாறினார்கள். மெஷின் கம்பெனி மாறினாலும் தைக்கத் தெரிந்தவர் ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார். ஒன்றைப் பிடித்து, ஒரு வேலையை முடிப்பதுதான் காரியம்.

ஜாப் ஒர்க் என்ற சொல்லை கோவையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பீளமேடு, கணபதி, சிட்கோ பக்கம் லேத் பட்டறைகள் பிறர் பெயரில் போகும் பம்புக்கும் காருக்கும் பாகங்கள் கடைந்தே வளர்ந்தன. இந்திய கேம் தொழிலும் இதே வழியில்தான் வந்தது. 1997இல் பெங்களூரில் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், நாட்டின் முதல் கேம் நிறுவனங்களில் ஒன்று. வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்கு வேண்டிய முப்பரிமாணப் பொருட்களைச் செய்துகொடுத்துப் பெயர் எடுத்தது. 2019இல் ராக்ஸ்டார் அதை வாங்கித் தன் இந்தியக் கிளையோடு சேர்த்துக்கொண்டது. இருபது ஆண்டு உழைப்பு. ஆட்டக்காரருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஜாப் ஒர்க்கின் இயல்பே அது.

ஜாப் ஒர்க்கிலிருந்து முழுப் பொருளுக்குத் தாவுவது எவ்வளவு கடினம் என்பதற்கும் சான்று இருக்கிறது. யுபிசாஃப்ட்டின் புணே, மும்பை ஸ்டுடியோக்களிடம் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சேண்ட்ஸ் ஆஃப் டைம்' மறு ஆக்கம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாக 2020 செப்டம்பரில் அறிவிப்பு வந்தபோது இங்கே கொண்டாட்டம். முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். தேதி தள்ளிப்போனது. 2022 மே மாதம் வேலை மான்ட்ரியலுக்குக் கைமாறியது. 2026 ஜனவரியில் அந்த கேமையே நிறுவனம் கைவிட்டது. மான்ட்ரியலாலும் முடிக்க முடியவில்லை என்பதை நினைவில் வைத்தால், இந்தியக் கைகள்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை என்பது விளங்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் புணேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ். சிறிய குழு. கூட்டு நிதி திரட்டப் பார்த்துத் தோற்று, பிறகு எப்படியோ தாக்குப்பிடித்து, 2020 ஆகஸ்டில் 'ராஜி' என்ற கேமை வெளியிட்டது. அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிந்துரைப் பட்டியலில் அது இருந்தது.

தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது 'வெண்பா'. கனடாவின் டொரான்டோவில் தமிழர் ஒருவர் தொடங்கிய விசை கேம்ஸ் செய்தது. 2023 ஜூலை 31இல் வெளியானது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம்; கிழிந்தும் மை அழிந்தும் போன அம்மாவின் சமையல் குறிப்பேடு; விடுபட்ட படியை ஊகித்து இட்லி சுட வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். வாள் இல்லை, துப்பாக்கி இல்லை, இரண்டு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். 2024 மார்ச்சில் சுயாதீன கேம் விழாவின் தலையாய விருது அதற்குக் கிடைத்தது. ஏப்ரலில் லண்டனில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது.  குஷ்காவும் குழாய்ப்புட்டும் தெரிந்த எந்தக் கோவை மாணவருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கரு அது, எழுதியது டொரான்டோ.

ஜாப் ஒர்க்கிலிருந்து முழுப் பொருளுக்குத் தாவுவது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல என்பதால்தான் இது உறுத்துகிறது. 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் தொடங்கியது, 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்தார்கள்; 1955இல் பி. சபாபதி ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டி வெட் கிரைண்டரைக் கொண்டுவந்தார். மாவாட்டும் பாட்டியின் தோள்வலியைப் பார்த்துப் பிறந்த பொருள் இன்று புவிசார் குறியீட்டோடு ஊர் பெயரைச் சுமக்கிறது. ஊராருக்கு எங்கே வலிக்கிறது என்று பார்த்துப் பொருள் செய்த ஊர், கேம் என்றதும் மட்டும் வேற்றுக்கிரகச் சண்டையைத் தேடிப் போகிறது.

ஆனாலும் பழைய கதை பேசி வீட்டு வாடகை கட்ட முடியாது. கோவையில் சிறு ஸ்டுடியோக்கள் உண்டு. பெரிய கம்பெனிகள் பெங்களூர், ஹைதராபாத், புணேயில். முதல் வேலைக்கு ஊரைவிட்டுப் போகத்தான் வேண்டியிருக்கும். 2023 டிசம்பரிலிருந்து கோவைக்கும் பெங்களூருக்கும் இடையே வந்தே பாரத் ஓடுவது அம்மாக்களுக்கு ஒரு ஆறுதல். முதல் ஆண்டில் சம்பளம் ஐ.டி. சேவை நிறுவனங்களைவிடப் பெரிதாகக் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிடைக்கும் வேலையும் நாயகனைப் பறக்க வைப்பதாக இருக்காது: செட்டிங்ஸ் பக்கத்தில் நகர மறுக்கும் ஒரு பட்டன், ஒரு குறிப்பிட்ட போனில் மட்டும் கறுத்துப்போகும் திரை, மற்றவர் எழுதிய நிரலில் பிழை தேடல். பட்டறையில் முதல் ஆறு மாதம் பிசிறு தட்டியவர்களுக்கு இது புரியும்.

அதிகச் சம்பளம் காட்டிய ஒரு வாசல் சமீபத்தில் சாத்தப்பட்டது. ரம்மி, போக்கர் என்று காசு கட்டி ஆடும் செயலிகள் சில ஆண்டுகளாகப் புரோகிராமர்களை அள்ளிக்கொண்டிருந்தன. தமிழ்நாடு இந்த ஆட்டங்களால் உயிர்களை இழந்து 2022இலேயே அவசரச் சட்டம் போட்டது. 2025 ஆகஸ்ட் 20இல் மக்களவை, 21இல் மாநிலங்களவை, 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று மூன்றே நாளில் மத்திய சட்டம் வந்து, இணையப் பண விளையாட்டை நாடு முழுக்கத் தடை செய்தது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். வேலை இழந்தவர்களில் நேற்றுச் சேர்ந்த ஜூனியர்களும் இருந்தார்கள். அவர்கள்மேல் இரக்கம் வருகிறது, அந்தத் தொழில்மேல் வரவில்லை. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும் பணமில்லா விளையாட்டுகளையும் ஊக்குவிக்கப்போவதாகச் சொல்கிறது. ஆஃபர் லெட்டரைக் கையில் வாங்கும்போது, கம்பெனிக்குக் காசு எந்த வழியில் வருகிறது என்று கேட்கும் துணிவு புதியவருக்கு வேண்டும்.

வெளியுலகிலும் இப்போது நிலைமை இலகுவாக இல்லை. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் மட்டும் 1,900 பேரை அனுப்பியது. போதாக்குறைக்கு ஏ.ஐ. வந்து நிரல் எழுதுகிறது. அது எழுதியதை எடுத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போகலாம், தடையில்லை, "இந்த வரியை ஏன் இங்கே வைத்தீர்கள்?" என்ற கேள்வி வரும்போது முழிக்காமல் இருந்தால் சரி. வெளியே தைக்கக் கொடுத்த சாம்பிளை எடுத்துவந்தவர், எத்தனை பர்சென்ட் சுருங்கும் என்று கேட்டதும் மாட்டிக்கொள்வதைத் திருப்பூரில் பார்க்கலாம்.

ஆக, என்ன செய்து வைத்துக்கொள்வது? சின்னதாக ஒன்று. ஒரே திரை, ஒரே விதி, தொடக்கம், முடிவு, மதிப்பெண், ஒலியை அணைக்க ஒரு பட்டன். கடைசியில் சொன்ன பட்டன்தான் முடித்த கேமையும் முடிக்காததையும் பிரித்துக் காட்டுவது. பாதியில் நிற்கும் பத்துத் திறந்தவெளி உலகங்களைவிட, வியட்நாம் இளைஞர் ஒருவர் 2013இல் வெளியிட்ட 'ஃபிளாப்பி பேர்ட்' மாதிரி விரலால் தட்டித் தட்டிப் பறக்கும் ஒரு குருவி மேல். பெயர் மட்டும் ஃபிளாப்பியாக இருக்க வேண்டாம், சிட்டுக்குருவியாகவே இருக்கட்டும். நண்பர்கள் கிடைத்தால் ஆண்டுதோறும் ஜனவரி வாக்கில் உலகமெங்கும் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் 48 மணி நேரத்தில் ஒன்றை முடித்துப் பார்க்கலாம். பல ஆண்டு ஹைதராபாத்தில் நடந்த இந்திய கேம் டெவலப்பர் மாநாடு 2025 நவம்பரில் சென்னைக்கு வந்தது. அங்கே நீட்டிக் காட்டவும் கையில் ஏதாவது வேண்டுமே.

வெளியிடுவதிலும் ஒரு படிப்பு இருக்கிறது. கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒரே முறை 25 டாலர். ஸ்டீமில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் 100 டாலர். தனி ஆளாகப் புதுக் கணக்குத் தொடங்குபவர் கடையில் கேமை வைக்கும் முன், 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதிப்பவர்களாக வைத்திருக்க வேண்டும் என்கிறது கூகுள். விடுதியில் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பது எளிது. பதினாலு நாள் தக்கவைப்பதில்தான் கேம் நன்றாக இருக்கிறதா என்பது தெரியும். மூன்றாம் நாளே "மச்சி, போர் அடிக்குது" என்று ஒருவன் சொன்னால், காசு கொடுத்தாலும் கிடைக்காத மதிப்புரை அது.

இனி கல்லூரிகளிடம் ஒரு கோரிக்கை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், கணினி அறிவியல் மாணவர்களுக்கு கேம் டெவலப்மென்ட் விருப்பப் பாடமாகவே இருக்கிறது. பைகேமும் யூனிட்டியும் அதில் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்தைத் தாங்களே வகுக்கலாம். தாளில் குறையில்லை. ஆனால் இறுதியாண்டு வந்ததும் காந்திபுரத்து ப்ராஜெக்ட் சென்டர்களில் கூட்டம் சேர்வது ஊரறிந்த கதை. ரெடிமேடாக வாங்கிய ப்ராஜெக்ட், எண்பது பக்க ரிப்போர்ட், தங்க எழுத்து பைண்டிங். அதைச் சுமந்துகொண்டு வேலை தேடிப் போகிறவரிடம்தான் சாம்பிள் பீஸ் இல்லை.

கேமை இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஏற்றுக்கொள்ளுங்கள். பிளே ஸ்டோரில் வெளியாகி, முன்பின் தெரியாத நூறு பேர் ஆடியிருந்தால் அதற்கென்று மதிப்பெண் வையுங்கள். வைவா நாளில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர், ரிப்போர்ட்டைப் புரட்டுவதற்கு முன்னால், எதிரில் நிற்கும் மாணவியின் போனை வாங்கி ஐந்து நிமிடம் ஆடிப் பார்க்கட்டும்.